தாத்தாவ தகனம் பண்ணிட்டோம், பாட்டிக்கு உயிர்த்தெழுதல் பத்தி எப்படி சொல்றது? உதவுங்க

வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். நாங்க மலேசியா பினாங்குல பட்டர்வொர்த் பக்கம், கத்தோலிக்க குடும்பம். தாத்தா ஆசப்பட்டபடி அவர தகனம் பண்ணோம், ஆனா பாட்டி இப்ப தினமும் கேக்குறாங்க, எரிச்சுட்டீங்களே, கடைசி நாள்ல ஆண்டவர் எந்த உடம்ப எழுப்புவாருன்னு.

திருச்சபை 1963லயே தகனத்துக்கு அனுமதி குடுத்துடுச்சு, 2016ல வத்திக்கான் சாம்பல தூவக்கூடாது, வீட்டுலயும் வச்சுக்கக்கூடாது, புனிதமான எடத்துல வைக்கணும்னு சொல்லிச்சு, நாங்களும் கல்லறைத் தோட்டத்துலதான் வச்சிருக்கோம். சொன்னா தலைய ஆட்டுறாங்க, மனசு ஆறல. 1 கொரிந்தியர் 15ல பவுல் விதைய வச்சு சொல்றாரே, மண்ணுல போடுறது ஒண்ணு, முளைச்சு வர்றது வேற மாதிரின்னு, அத வாசிச்சப்பதான் கொஞ்சம் அமைதியா கேட்டாங்க. ஆதித் திருச்சபையோட வேதசாட்சி, ஸ்மிர்னா ஆயர் போலிகார்ப் உடம்பயும் ரோமர்கள் எரிச்சாங்க, அவருக்கு உயிர்த்தெழுதல் இல்லன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?

இன்னொரு கேள்விதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. மோட்சத்துல தாத்தா தன்னைய அடையாளம் கண்டுக்குவாரான்னு பாட்டி கேக்குறாங்க. வெளிப்படுத்தல் 21ல புதிய எருசலேம் வானத்துலேருந்து இறங்கி வருது, கடவுள் மனுசங்களோட குடியிருக்காரு, கண்ணீரெல்லாம் தொடைக்கிறாரு, அப்படின்னா இந்த பூமியையே புதுசாக்குறாருன்னுதான் நான் நம்புறேன், ஆனா பாட்டிக்குப் புரியுற மாதிரி சொல்ல வரல.

பினாங்குல தமிழ்ல பொறுமையா பேசுற ஃபாதர், சிஸ்டர், மறைக்கல்வி ஆசிரியர் யாராச்சும் வீட்டுக்கு வருவாங்களா? பாட்டிக்கு கண்ணு சரியா தெரியாது, அதனால தமிழ் ஆடியோ இருந்தாலும் அனுப்புங்க. மெதடிஸ்ட், லுத்தரன் நண்பர்களும் சொல்லலாம். தாத்தாவோட நாற்பதாம் நாள் பூசைக்கு முன்னாடி கெடைச்சா நல்லாருக்கும்.