பாட்டு வகுப்பு முடியும்போது பிள்ளைகளிடம் என்ன கேட்பது?

பாட்டு_டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். ஆரம்பப் பள்ளியில் 3, 4, 5-ஆம் வகுப்புகளுக்கு வாய்ப்பாட்டு எடுக்கிறேன். வகுப்புக்கு 35 பிள்ளைகள், 40 நிமிஷ பீரியட். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை (ஸ்வரங்களை வரிசையாகப் பாடும் முதல் பயிற்சி) போய்க்கொண்டிருக்கிறது, 5-ஆம் வகுப்பு மட்டும் அடுத்த பயிற்சியான ஜண்டை வரிசைக்கு வந்தாயிற்று. பாடுவதில் குறையே இல்லை, ஆசையாகப் பாடுகிறார்கள். ஆனால் கடைசியில் "இன்னிக்கு என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டால் "சரளி வரிசை, டீச்சர்" என்று கோரஸாக ஒரு பதில், அதோடு சரி. "எப்படிப் பாடினோம்?" என்றால் "நல்லா பாடினோம்". நோட்டில் எழுதச் சொன்னால் முதல் பெஞ்சில் ஒரு பிள்ளை எழுதியது அப்படியே கடைசி பெஞ்சு வரை போய்விடுகிறது. தான் பாடியதைத் தானே கேட்டு, எது வந்தது எது வரவில்லை என்று பிள்ளைக்குத் தெரிந்தால்தானே வீட்டில் உட்கார்ந்து பாடிப் பழகி சாதகம் செய்வதில் பயன் இருக்கும்? இந்த வயதில் அதை எப்படிப் பழக்குவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சை_வாய்ப்பாட்டு:
டீச்சர், கேள்வி ரொம்பப் பெரிசாக இருக்கிறது, அதுதான் சிக்கல். எட்டு வயதுப் பிள்ளையிடம் நாற்பது நிமிஷத்தையும் திரட்டிச் சொல் என்றால் அது பாடத்தின் பெயரைத்தான் சொல்லும். இடத்தைக் கேளுங்கள். அதற்கு விரல்களே போதும்.

முதல் சரளியை இரண்டாம் காலத்தில், அதாவது ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்வரமாக, எடுத்துக்கொள்ளுங்கள். தாளம் போடும் கையின் தட்டில் ஸரி, சுண்டு விரலில் கம, மோதிர விரலில் பத, நடு விரலில் நிஸ. அடுத்த தட்டில் திரும்ப மேல் ஸ-வில் தொடங்கி ஸநி, வீச்சில் (கையைத் திருப்பிப் போடுவது) தப, தட்டில் மக, வீச்சில் ரிஸ. ஏறி இறங்க எட்டு எண்ணிக்கை உள்ள ஆதி தாளத்தில் சரியாக ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று. பிள்ளைகள் சறுக்குகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: மேல் ஸ இரண்டு முறை வரவேண்டியதை ஒரே முறை பாடிவிட்டு நேரே நி-க்கு இறங்கிவிடுவார்கள். அப்படி ஒரு ஸ்வரத்தை முழுங்கினால் கடைசி வீச்சுக்கு ஒற்றை ஸ மட்டும்தான் மிஞ்சும், பாதி வீச்சு காலியாக நிற்கும். அந்தக் காலி இடத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும். பாதி வகுப்பு பாடட்டும், மீதி வாயை மூடிக்கொண்டு தாளம் மட்டும் போடட்டும். முடிந்ததும் தாளம் போட்டவர்களிடம் "எந்த விரலில் ஓடினார்கள்?" என்று கேளுங்கள். "நடு விரல் முடிஞ்சதும், டீச்சர்" என்று பதில் வரும். உடனே அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் பாடவைத்து, கூட்டங்களை மாற்றிவிடுங்கள். மூணு நிமிஷம்கூட ஆகாது. தப்பைக் கண்டுபிடித்த காது அவர்களுடையது என்பதால் வீட்டிலும் அந்த இடம் வரும்போது தானாக உஷாராகிவிடுவார்கள்.

நாலாம்_வகுப்பு_ஆசிரியை:
நான் இசை ஆசிரியை இல்லை, வகுப்பாசிரியை. நோட்டு விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்கிறேன். அதை மொத்தமாக ஒதுக்க வேண்டாம், எழுத வைக்காமல் கோடு போட வையுங்கள். பாடிய வரி எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று ஒரே கோடாக இழுக்கட்டும், தடுமாறிய இடத்தில் ஒரு சின்ன வட்டம். வாய் திறந்து பேசாத பிள்ளைகள் என் வகுப்பில் நிறைய உண்டு, அவர்கள் போட்டுக் காட்டும் வட்டம் துல்லியமாக இருக்கிறது. அதற்கு மார்க் மட்டும் போட்டுவிடாதீர்கள், டீச்சர். மார்க் என்று தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் ஒரு நோட்டிலும் வட்டம் இருக்காது.

அதேபோல "நல்லா பாடினவங்க கை தூக்குங்க" என்பதும் வேண்டாம், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் கை எழும்பும். கேட்டே ஆகவேண்டும் என்றால் கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

சுருதிப்பெட்டி:
தாளத்துக்கு விரல் சரி, சுருதிக்கு, அதாவது ஸ்வரம் சரியான உயரத்தில் நிற்பதற்கு, என்ன செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். சினிமாப் பாட்டே கேட்டு வளர்ந்த காது, மாயாமாளவகௌளை ரி-யும் த-வும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, கேட்டால் சங்கராபரணம் மாதிரி ஆகிவிடும். அந்த இரண்டு ராகத்துக்கும் நடுவே மாறுவது ரி, த இரண்டும்தானே. "சுருதி சேரவில்லை" என்று திட்டினால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. அவர்கள் பாடி முடித்ததும் நான் ஸ ரி க என்று இரண்டு விதமாகப் பாடிக் காட்டுவேன், ஒன்றில் சுத்த ரிஷபம் (தாழ்ந்த ரி), இன்னொன்றில் சதுஸ்ருதி ரிஷபம் (அதைவிட உயர்ந்த ரி). ஸ்வரத்தின் பெயர் எல்லாம் சொல்வதில்லை. "இப்போ நீங்க பாடினது முதலாவதா, இரண்டாவதா?" அவ்வளவுதான் கேள்வி. சொல்லத் தெரியாத பிள்ளைக்கும் தேர்ந்தெடுக்கத் தெரியும். ஆரம்பத்தில் தப்பாகச் சொல்வார்கள், பரவாயில்லை, தம்புராவை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்து மறுபடி பாடிக் காட்டுங்கள்.

செல்போனில் பதிவு செய்து உடனே போட்டுக் காட்டுவதும் நன்றாக வேலை செய்யும். முழு வகுப்பும் சேர்ந்து பாடியதை மட்டும் போடுங்கள், அரை நிமிஷம் போதும், கேட்டு முடித்ததும் அழித்துவிடலாம். தனிப் பிள்ளையின் குரலை எல்லோர் முன்னாலும் போட்டால் அந்தப் பிள்ளை அப்புறம் பாடவே பாடாது. நான் சின்ன வயதில் படித்த இடத்தில் அப்படிச் செய்தார்கள், நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒரு பெண் வகுப்பையே விட்டுவிட்டாள்.

பாட்டு_டீச்சர்:
ரொம்ப நன்றி! விரல் விஷயம் இத்தனை நாள் கையிலேயே இருந்தும் தோன்றவில்லை, நாளைக்கே 4-ஆம் வகுப்பில் செய்து பார்க்கிறேன். இன்னும் ஒன்று. மணி அடித்ததும் பாதிப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் ஏறாது. இன்னொரு பக்கம், எதைக் கேட்டாலும் "எனக்கு எல்லாமே தப்பா வருது, டீச்சர்" என்று சொல்லும் பிள்ளை ஒன்று இருக்கிறது. உண்மையில் அப்படி ஒன்றும் மோசமில்லை.

தஞ்சை_வாய்ப்பாட்டு:
முதலாவதற்கு: கடைசியில்தான் கேட்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பாடி முடித்த சூட்டில் நடுவிலேயே கேளுங்கள். அப்புறம் அடுத்த வகுப்பைத் தொடங்கும்போது, தம்புராவைப் போட்டதும், "போன தடவை எந்த இடத்தில் தகராறு?" என்று ஒரு கேள்வி. யாராவது ஒரு பிள்ளைக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும். அந்த இடத்திலிருந்தே அன்றைய பாடத்தைத் தொடங்குங்கள். தான் சொன்னதை வைத்து டீச்சர் வகுப்பையே நடத்துகிறார் என்று தெரிந்தால் மற்றவர்களும் கவனித்து வைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பிள்ளையிடம் தப்பு எது என்று கொஞ்ச நாளைக்குக் கேட்கவே வேண்டாம். "உனக்கு நல்லா வந்த ஒரு இடத்தைப் பாடிக் காட்டு" என்று கேளுங்கள். ஸ ரி க ம மட்டும் பாடினாலும் போதும். "அதே மாதிரி ப-வையும் சேர்த்துப் பாடு" என்று அங்கிருந்து ஒவ்வொரு ஸ்வரமாகக் கூட்டுங்கள். எந்த ஸ்வரத்தில் தயங்கி நிற்கிறதோ, அங்கே அதுவே சொல்லும்.