லைக் போட்டுக்கொண்டே இருந்தால் நட்பு வளருமா?

மழைக்குருவி:

போன திரியில் ஒருவர், "சமூக ஊடகத்தில் அறிமுகம்தான் வளரும், உறவு வளராது" என்று எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்காகத்தான் இந்தத் திரி.

ஓராண்டாக நான் யாருக்கும் லைக் போடுவதில்லை. ஒரு பதிவைப் பார்த்துச் சொல்ல ஏதாவது தோன்றினால் உள்பெட்டிக்குப் போய் அவருக்கு மட்டும் நாலு வரி எழுதுவேன். தோன்றாவிட்டால் கடந்துவிடுவேன். என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி, அப்பா இறந்து ஓராண்டு ஆன அன்று அவருடைய பழைய படத்தைப் போட்டிருந்தாள். கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். நான் அவளுக்கு ஒரு சம்பவத்தை எழுதினேன். அறிவியல் கண்காட்சிக்கு முதல் நாள் எங்கள் மோட்டார் ஓடவில்லை; அவள் அப்பா பள்ளிக்கு வந்து, இருட்டிய பிறகும் உட்கார்ந்து, அதைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார். அன்று அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். "இது எனக்குத் தெரியவே தெரியாது" என்று பதில் வந்தது. மறுநாள் போன் செய்தாள். இருபது வருடம் பேசாதிருந்த நாங்கள் இப்போது வாராவாரம் பேசுகிறோம்.

ஆராய்ச்சியும் இந்தப் பக்கம்தான் கைகாட்டுகிறது. மொய்ரா பர்க், ராபர்ட் கிராட் இருவரும் ஃபேஸ்புக் பயனர்களைப் பற்றி 2016இல் வெளியிட்ட ஆய்வில், நெருக்கமானவர்கள் தனக்கென்றே எழுதிய சொற்களைப் பெற்றவர்களின் மனநலம் மேம்பட்டிருந்தது. லைக்குக்கும் எல்லோருக்குமான பொதுப்பதிவுக்கும் அந்தப் பலன் இல்லை. ஆக, குறை கருவியில் இல்லை. நாம் அதைப் பிடிக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

கருங்கல்:

உங்கள் தோழியின் கதை மனதைத் தொட்டது, உண்மையாகவே. ஆனால் அதில் ஊடகம் செய்தது என்ன? ஆள் இருக்கும் இடத்தைக் காட்டியது. மீதியைச் செய்தது உங்கள் நினைவும், அவள் எடுத்த போனும்.

நீங்கள் சொன்ன ஆய்வை எழுதிய இருவரில் பர்க் அப்போது ஃபேஸ்புக் நிறுவனத்திலேயே ஆய்வாளராக இருந்தவர். அதனால் முடிவு பொய்யாகிவிடாது. அதே நேரம், அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத இன்னொரு ஆய்வையும் பாருங்கள். 2018 அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் ஃபேஸ்புக் கணக்கை மூடிவைக்கச் சொல்லிப் பொருளியலாளர்கள் சோதித்தார்கள். மூடியவர்கள் குடும்பத்தோடும் நண்பர்களோடும் கூடுதல் நேரம் செலவிட்டார்கள்; மனநிறைவும் சிறிதளவு கூடியது. நட்புக்கு நேரம்தான் முதல். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல் சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளரின் கணக்கு. அந்த நேரத்தை இந்தச் செயலிகள்தான் தின்கின்றன.

தறி:

ஒரே ஒரு கேள்வி. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் பார்த்தா பழகினார்கள்?

கருங்கல்:

தறி, அந்தக் கதையின் கடைசியையும் சொல்லுங்கள். சோழன் உயிர்விட உட்கார்ந்தபோது "ஆந்தை வருவான், அவனுக்கு இடம் விட்டு வையுங்கள்" என்றான். ஆந்தையார் வந்தார். செய்தி அனுப்பிவிட்டு இருந்துவிடவில்லை.

அதோடு, எழுத்தில் இல்லாதது குரலில் இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சிறுமிகளை மன அழுத்தம் தரும் ஒரு தேர்வுக்கு உட்படுத்திவிட்டு அம்மாவோடு பேச வைத்தார்கள். நேரிலோ போனிலோ பேசியவர்களுக்கு அழுத்த ஹார்மோனான கார்டிசால் இறங்கியது. குறுஞ்செய்தியில் பேசியவர்களுக்கு, அம்மாவோடு பேசவே செய்யாதவர்களைப் போல அது உயர்ந்தே இருந்தது. 2012இல் வெளிவந்த ஆய்வு. குரல் இல்லாமல் ஆழம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

விரல்மொழி:

எனக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கருங்கல் ஐயாவின் கடைசி வரியை மூன்று முறை படித்தேன். அப்படியென்றால் எனக்கு ஆழமான உறவே கிடையாதா?

நேர்சந்திப்பு என்றால் எனக்கு எப்படி என்று சொல்கிறேன். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவருடைய உதட்டைப் படிப்பதற்குள் அடுத்தவர் தொடங்கியிருப்பார். எல்லோரும் சிரித்ததும் நானும் சிரிப்பேன், எதற்கென்று தெரியாமலே. "என்ன சொன்னாங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்." அந்த அப்புறம் வந்ததில்லை. எழுத்துக்கு வந்தால் நானும் மற்றவர்களும் ஒரே மட்டத்தில் நிற்கிறோம். நான் கோபப்படுவேன் என்பதும், கிண்டல் செய்வேன் என்பதும் என் கூடப் பிறந்தவர்களுக்கே என் பதிவுகளைப் படித்த பிறகுதான் தெரிந்தது. காணொளி அழைப்பில் தினமும் சைகைமொழியில் பேசும் தோழி ஒருத்தி இருக்கிறாள். ஒரு குழுவில்தான் அவளைக் கண்டுபிடித்தேன். நேரில் இரண்டே முறை பார்த்திருக்கிறோம். என் வாழ்க்கையில் அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

கருங்கல்:

விரல்மொழி, என்னை மன்னியுங்கள். குரலைப் பற்றி எழுதியபோது கேட்கும் ஆட்களை மட்டுமே நினைத்து எழுதினேன். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

பின்வாசல்:

ராபின் டன்பர் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் சொன்ன நட்பு வட்டங்களை இங்கே வைக்கலாம். உயிருக்கு நெருக்கமாக 5 பேர், அவர்களையும் சேர்த்து அடுத்த வட்டத்தில் 15, அப்படியே 50, எல்லோருமாக 150 வரை. ஃபேஸ்புக் 5,000 நண்பர்கள் வரை சேர்க்க விடுகிறது. ஆனால் உள்வட்டத்தின் அளவு மாறுவதில்லை. அந்த ஐந்து பேரும் தூரத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கருவி இல்லாமல் ஆகாது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அவ்வளவு தேவை இல்லை. இரு தரப்பும் வேறு வேறு மனிதர்களைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றுகிறது.

கருங்கல்:

இல்லை, பின்வாசல். அப்படிப் பிரித்துக் கொடுத்து இதை முடிக்க என்னால் முடியாது. ஏன் என்று சொல்கிறேன். இதுவரை எங்கேயும் எழுதாதது.

எனக்கு ஒரு நண்பன். பக்கத்தில்தான் இருக்கிறான். தினமும் ஏதாவது பதிவு போடுவான்: வானம், பூனை, பழைய பாட்டு. நானும் தவறாமல் லைக் போடுவேன். அவனுக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது மூன்றாவது ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எட்டு மாதமும் அவன் பதிவுகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் ஒரு நாள் "எப்படிடா இருக்கே?" என்று கேட்டிருப்பேன். தினம் பார்ப்பதால் நன்றாக இருக்கிறான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் 2009இல் வந்தது. அதற்கு முன் ஒரு பதிவுக்குப் பதில் தர வேண்டுமானால் ஒரு சொல்லாவது எழுத வேண்டும். அந்தச் சின்னச் சிரமத்தையும் எடுத்துவிட்டார்கள். செயலியைத் திறந்ததும் கண்ணில் படுவது பதிவுகளின் முடிவில்லாத ஓடை; உள்பெட்டி ஒரு மூலையில். மழைக்குருவி ஓராண்டாகச் செய்வது அந்த அமைப்போடு மல்லுக்கட்டுவது. நீங்கள் ஜெயித்தால் அது உங்கள் பலம். அதைக் கருவியின் கணக்கில் எழுதாதீர்கள்.

மழைக்குருவி:

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. "பார்த்தாயிற்று" என்ற அந்த நிறைவு எனக்கும் இருந்தது. லைக்கை நிறுத்தியதே அதனால்தான். மல்லுக்கட்டுகிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விட்டுவிட்டு வெளியேறியிருந்தால் என் தோழி எங்கே இருக்கிறாள் என்றே தெரிந்திருக்காது.

ஒன்று கேட்கலாமா? உங்கள் நண்பரிடம் பேசிவிட்டீர்களா?

கருங்கல்:

இல்லை. தெரிந்து மூன்று வாரம் ஆகிறது. என்ன முகத்தோடு கேட்பது என்று தெரியவில்லை.

விரல்மொழி:

எழுதிப் பாருங்கள் ஐயா. முகம் காட்ட முடியாத நேரத்தில் எழுத்து தாங்கும். எனக்குத் தாங்கியிருக்கிறது.

கருங்கல் (இரண்டு நாள் கழித்து):

எழுதினேன். "வேலை விஷயம் தெரியும். நான் கேட்டிருக்கணும், கேக்கல" என்று மட்டும். பார்த்துவிட்டதாகக் காட்டியது. ஒரு பகல் முழுக்கப் பதில் இல்லை. ராத்திரி, "சனிக்கிழமை வர்றியா?" என்று வந்தது.

போகிறேன். அந்த ஓடையைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.