வர்த்தகப் பேச்சுவார்த்தையில் மாகாணங்களுக்கு இடம் வேண்டுமா?

வெள்ளவத்தை வாசகர்:
இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி விவசாயம் மாகாண சபைகளின் நிரலிலும், வெளிநாட்டு வர்த்தகம் மத்திய அரசின் ஒதுக்கிய நிரலிலும் இருக்கின்றன. இதனால், தன் விவசாயிகளின் விளைபொருளுக்கு எவ்வளவு தீர்வை (சுங்கவரி) என்று பேசப்படும் மேசையில் மாகாணத்துக்கு இடமில்லை. 2009இல் இந்தியா தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகளுடன் செய்த வர்த்தக உடன்படிக்கையை, இறப்பரும் மிளகும் தென்னையும் பாதிக்கப்படும் என்று கேரள அரசு வெளிப்படையாக எதிர்த்தது. நமது மாகாணங்களுக்கும் அந்தக் குரல், சட்டத்தின் வழியாகவே, வேண்டும்.

புறக்கோட்டை வணிகர்:
கேரளம் எதிர்த்தும் அந்த உடன்படிக்கை 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. குரலுக்கு வலு இருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது: 2016 ஒக்டோபரில் பெல்ஜியத்தின் வலோனியா மாநிலம் மறுத்ததால், ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் பல ஆண்டுகள் பேசி முடித்த வர்த்தக உடன்படிக்கை தடைப்பட்டு நின்றது. நம்மைப் போன்ற சிறிய நாடு ஒரே குரலில் பேசாவிட்டால் எதிர்த்தரப்பு நம்மை நம்பிப் பேசுமா?

வெள்ளவத்தை வாசகர்:
அதே உடன்படிக்கை அந்த ஒக்டோபர் 30ஆம் திகதியே கைச்சாத்தானது, ஐயா. வலோனியா கேட்டவை, முதலீட்டாளர் அரசுகள் மீது தொடுக்கும் வழக்குகளை விசாரிக்கும் முதலீட்டு நீதிமன்றம் பற்றியும் விவசாயப் பாதுகாப்பு பற்றியும் விளக்கங்கள். அவை எழுத்தில் கிடைத்தன. மேலும், கனடிய மாகாணங்கள் அந்தப் பேச்சுவார்த்தையில் பங்கேற்றது ஐரோப்பியர் விரும்பியதாலேயே. மாகாண அரசுகள் பொருட்களும் சேவைகளும் வாங்கும் கொள்வனவுச் சந்தை அவர்களுக்குத் தேவைப்பட்டது. மாகாணங்கள் ஒப்பாமல் அதைக் கனடிய மத்திய அரசு தனியாக உறுதியளிக்க முடியாது. இங்கோ, கேரள, கர்நாடக மிளகுச் செய்கையாளரின் முறைப்பாடுகளைத் தொடர்ந்து 2017 டிசெம்பரில் இந்தியா மிளகு இறக்குமதிக்குக் கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் என்ற குறைந்தபட்ச விலையை விதித்தபோது, மாத்தளைச் செய்கையாளருக்காகப் பேசும் அதிகாரம் எந்த மாகாணத்துக்கும் இருக்கவில்லை.

புறக்கோட்டை வணிகர்:
மாத்தளை பற்றிய உங்கள் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் மாகாணத்தின் சார்பில் யார் பேசுவார்? வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஆளுநரோ ஜனாதிபதியின் நியமனம். அவரை அமர்த்தினால் மத்திய அரசே இரண்டு கதிரைகளில் இருக்கும். அத்துடன், யாழ்ப்பாணத்து வெங்காயச் செய்கையாளர் உயர்ந்த தீர்வையைக் கேட்பார். கொழும்பில் நாட்கூலிக்கு வேலை செய்பவருக்கு அது சமையற்செலவு. இருவருக்குமாகத் தீர்மானிப்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும்.

வெள்ளவத்தை வாசகர்:
தேர்தல் முதலில் வேண்டும் என்பதை ஏற்கிறேன். இறுதித் தீர்மானம் மத்திய அரசினுடையதே. தடுப்பதிகாரத்தை நான் கேட்கவில்லை. தீர்வைச் சலுகைக்குப் புறம்பான பொருட்களின் எதிர்மறை நிரல் வரையப்படும்போது, கைச்சாத்துக்கு முன்பே அது மாகாண சபைகளுக்கு அனுப்பப்பட்டு, எழுத்துமூலமான அபிப்பிராயம் பெறப்பட வேண்டும். வெங்காயச் செய்கையாளரும் நாட்கூலியாளரும் முரண்படுவது அப்போதுதான் பதிவாகும்.