தேன்பெட்டிக்குள் வைத்த பட்டை உணரி 4 டிகிரி கூட்டிக் காட்டுகிறது. என்ன செய்யலாம்?

மார்த்தாண்டம் தேன்காரன்:
தேனீயின் முட்டையும் புழுவும் வளரும் புழு அறையில் இரண்டு அடைகளுக்கு நடுவே நுழையும் அளவுக்கு மெல்லிய வெப்ப உணரி தேவைப்பட்டது. கண்ணாடி வெப்பமானி அங்கே நுழையாது. நுழைத்தாலும் தேனீக்கள் சும்மா விடாது. செம்பு ஒட்டிய பாலிஇமைடு (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) படலத்தை வாங்கி, பாம்பு நெளிவாகக் கோடு அரித்தெடுத்தேன். செம்பின் தடிமன் 18 மைக்ரான், கோட்டின் அகலம் 0.1 மில்லிமீட்டர், மொத்த நீளம் 2 மீட்டர். மேசையில் மல்டிமீட்டர் முனையைப் பட்டையிலேயே வைத்து மின்தடையை அளந்தால் வெப்பக் கணக்கு சரியாக வருகிறது. நீண்ட ஒயர் பற்றவைத்துப் பெட்டிக்குள் இறக்கினால், 35 இருக்க வேண்டிய இடத்தில் 39 காட்டுகிறது. ரப்பர் மரங்கள் துளிர்த்துத் தேன் வரத்து தொடங்கும் முன் இதைச் சரிசெய்துவிட வேண்டும்.

தக்கலை மின்பணியாளர்:
தம்பி, உங்கள் கோட்டுக்கு மீட்டருக்கு 9 ஓம் சொச்சம் வரும். மொத்தம் 19 ஓம் என்று வையுங்கள். செம்பின் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம்தான் ஏறும். அதாவது ஒரு டிகிரிக்கு 0.07 ஓம். ஒயரும் பற்றவைப்பும் சேர்ந்து 0.3 ஓம் கூட்டினாலே உங்கள் 4 டிகிரி வந்துவிட்டது! பட்டைப் பக்கத்து முனையில் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி, மறுமுனையில் அளந்து பாருங்கள்.

குலசேகரம் கண்ணன்:
வளைவையும் பாருங்கள், அண்ணா. 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டையை 10 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால், வெளிப்புறச் செம்பு 0.5 சதவீதம் வரை நீளும். மின்தடை அதைப் போல இரு மடங்கு, 1 சதவீதம், ஏறும், அதுவே 2.5 டிகிரி. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பட்டையை ஒரு பக்கம் வளையுங்கள், பிறகு மறுபக்கம் வளையுங்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் வளைவுதான் காரணம். ஒயர்க் கோளாறு அப்படித் திசை மாறாது.

மார்த்தாண்டம் தேன்காரன்:
ஒயரை மட்டும் அளந்தேன்: 0.25 ஓம். பற்றவைத்த இடத்தை விரலால் அசைத்தால் எண் துள்ளுகிறது. வளைத்தும் பார்த்தேன். ஏறுகிறது, இறங்குகிறது. இரண்டு நோயும் இருக்கிறது போல!

தக்கலை மின்பணியாளர்:
அப்படியானால் நான்கு ஒயர் போடுங்கள்: இரண்டில் மின்னோட்டம், இரண்டில் மின்னழுத்த அளவு. ஒயரின் தடை கணக்கிலேயே வராது. பற்றவைத்த இடத்துக்கு அடியில் கெட்டியான தகடு ஒட்டுங்கள். படலம் அங்கே மடங்கினால் சால்டர் விரிசல் விடும். புழு அறையின் சராசரி வெப்பம் வேண்டாம், ஒரே இடத்தின் வெப்பம் போதும் என்றால் இந்த நெளிவே வேண்டாம். 1000 ஓம் பிளாட்டினச் சில்லு ஒன்றைப் படலத்தில் பதித்துவிடுங்கள். அது டிகிரிக்கு 3.85 ஓம் ஏறும். உங்கள் கால் ஓம் அதில் 0.1 டிகிரிகூட ஆகாது.

மார்த்தாண்டம் தேன்காரன்:
சராசரிதான் வேண்டும் சார். முட்டை எங்கே இருக்கிறது என்பது வாரத்துக்கு வாரம் மாறும்.

குலசேகரம் கண்ணன்:
அப்போது நெளிவையே வைத்துக்கொள்ளுங்கள். செம்புக்கு மேலும் கீழும் ஒரே தடிமனில் படலம் ஒட்டினால் செம்பு நடுவில் அகப்படும். வளைத்தாலும் அவ்வளவாக நீளாது. நெளிவு முழுவதும் அடைகளுக்கு நடுவே நேராகத் தொங்கட்டும். அடையைத் தாங்கும் சட்டத்தின் மேல்கட்டையில் மடங்கும் பகுதியில் நான்கு அகலமான இணைப்புக் கோடுகள் மட்டும் போகட்டும்.