கொங்குப் பக்கமிருந்து அத்லெடிக் டிரெய்னிங் படிக்க வந்திருக்கிறவங்களுக்கு: சைக்காலஜியை ஓரமா வைக்காதீங்க

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் பிசியோதெரபி முடித்துவிட்டு அமெரிக்காவில் அத்லெடிக் டிரெய்னிங் முதுகலைக்கு வரும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, அனாட்டமி எல்லாம் ஊர்லயே படிச்சாச்சுங்க. இந்த சைக்காலஜி பாடத்தைப் பரீட்சைக்கு மட்டும் பார்த்தாப் போதுமுங்களா?"

போதாது. வேலைக்குப் போன முதல் வாரத்திலிருந்தே உங்களுக்கு அது தேவைப்படும்.

இங்கே அத்லெடிக் டிரெய்னர் என்றால் ஜிம் மாஸ்டர் இல்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-லேயே இதை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றுக்கொண்டது. பள்ளி, கல்லூரி மைதானத்தில் ஒரு பிள்ளை விழுந்தால் முதலில் ஓடுவது நாம்தான். அப்புறம் அந்தப் பிள்ளை திரும்பக் களத்தில் இறங்கும் வரை கிட்டத்தட்ட தினமும் நம் முகத்தில்தான் விழிக்கும். கிளினிக் பிசியோவுக்கு இவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. மனசு சம்பந்தப்பட்ட பாதி வேலை நம் கைக்கு வருவது அதனால்தான்.

நம்ம ஊர் கிளினிக்கை நினைத்துப் பாருங்கள். கோயில் நோம்பிக் கபடியில் முட்டி ஜவ்வு கிழிந்த பையன் வருவான். கூடவே அப்பா, மாமா, டீம் கேப்டன். எங்கே வலிக்கிறது என்று பையனிடம் கேட்டால் மாமா பதில் சொல்வார். "அடுத்த நோம்பிக்குள்ள ஆடிருவானுங்களா?" என்பார் அப்பா. நாமும், "ஒண்ணும் பயப்படாதீங்க, எல்லாம் சரியாயிரும்" என்போம். பையன் தன் முட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பாசத்தில் சொல்வதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆறுதலோடு அவன் பேச வேண்டிய பேச்சு முடிந்துவிடுகிறது. இங்கே வந்தும் அதே பழக்கத்தில், "யூ வில் பி ஃபைன்" என்று சொல்லிவிட்டு டேப் சுற்றப் போய்விடாதீர்கள். "எதை நினைச்சா கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் நமக்கு வராது. பழகித்தான் ஆக வேண்டும்.

ஏசிஎல் என்ற முட்டி ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் வெளிவந்த கணக்கு ஒன்று உண்டு. ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் 65 சதவீதம். போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம்தான். எல்லாருக்கும் முட்டி தேறாமல் போனதால் இல்லை. மறுபடி அடிபட்டுவிடுமோ என்ற பயமும் பெரிய காரணம். அந்தப் பயத்தை அளக்கவே ஏசிஎல்-ஆர்எஸ்ஐ என்று 12 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது.

படிவம் கையில் இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும். அறுவை சிகிச்சை முடிந்து எட்டு, ஒன்பது மாதம் ஆன கால்பந்து வீராங்கனை ஒருத்தி. தொடை பலம் இரண்டு காலிலும் ஏறக்குறைய சமம். பெட்டி மேலிருந்து குதிக்கச் சொன்னால், குதிக்கும் முன் மூச்சைப் பிடிப்பாள். இறங்கும்போது எடை முழுக்க நல்ல கால் பக்கம் சாயும். அவளிடம் "தைரியமா குதி" என்று சொல்லிப் பயனில்லை. பெட்டியின் உயரத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஒழுங்காக இறங்கியதை வீடியோ எடுத்து அவளுக்கே காட்டுங்கள். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை பற்றி உளவியலாளர் பண்டூரா 1977-ல் எழுதியதன் சாரமே இதுதான்: அடுத்தவர் சொல்லும் ஊக்கத்தைவிட, தான் செய்து ஜெயித்த அனுபவத்துக்கு வலு அதிகம். "இன்னிக்கு எந்தப் பயிற்சியை முதல்ல செய்யலாம்?" என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் மறுநாள் அவளாகவே வருவாள்.

அடிபட்டவரை அணியை விட்டுத் தனியே ஒதுக்கவும் கூடாது. இத்தனை வருஷம் 'நான் ஒரு ஆட்டக்காரன்' என்றே வாழ்ந்தவனுக்கு ஜவ்வோடு சேர்ந்து அதுவும் கிழிந்துபோகிறது. அணி பயிற்சி செய்யும் நேரத்திலேயே, மைதானத்து ஓரமாகவே அவனுடைய பயிற்சியையும் வையுங்கள்.

துக்கத்தின் ஐந்து நிலைகள் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) என்று வகுப்பில் வரும். அதை அப்படியே பிடித்துக்கொண்டு, "இவன் இப்போ கோபத்தில் இருக்கான், அடுத்தது பேரம்" என்று கட்டம் போடாதீர்கள். 1969-ல் அது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளை வைத்து எழுதப்பட்டது. விளையாட்டுக் காயத்துக்கென்று 1998-ல் வந்த ஒருங்கிணைந்த மாதிரிதான் என் வேலைக்குப் பொருந்துகிறது: நடந்ததை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார், அதனால் என்ன உணர்கிறார், என்ன செய்கிறார். மூன்றும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் எல்லை. நாம் கவுன்சிலர் இல்லை. தூக்கம் போய், சாப்பாடு குறைந்து, சிரிப்பு மறைந்தால் கவனித்து, உரியவரிடம் அனுப்புவதுதான் நம் பொறுப்பு. உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் ஆளைத் தனியே விடாதீர்கள், உடனே மேலே சொல்லுங்கள். 988 என்ற நெருக்கடி உதவி எண் 2022 ஜூலையிலிருந்து அமெரிக்கா முழுக்க இருக்கிறது. ஊரில் மாமா, சித்தப்பா எல்லாருக்கும் சொல்கிற மாதிரி இங்கே சொல்ல முடியாது. 18 வயது நிரம்பியவர் சொன்னதை, உயிருக்கு ஆபத்து மாதிரியான நிலை தவிர, அவர் சம்மதம் இல்லாமல் பெற்றவர்களிடம்கூடச் சொல்லக் கூடாது. கோச் கேட்டால் ஆடலாமா கூடாதா என்பதோடு நிறுத்துங்கள்.

நம்மிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. சின்னப் பையனையும் "வாங்க தம்பி, உக்காருங்க" என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மரியாதை ஆங்கிலம் பேசும்போதும் குரலில் தெரியும், பிள்ளைகள் அதைக் கண்டுகொள்வார்கள். உச்சரிப்பை நினைத்துக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

கிளினிக்கல் ரொட்டேஷன் (களத்தில் செய்யும் பயிற்சி வேலை) தொடங்கியதும், உங்களை மேற்பார்க்கும் பிரிசெப்டரிடம் கேட்டு, ஏசிஎல் வீரர் ஒருவருக்கு அந்த 12 கேள்விகளை நீங்களே போட்டுப் பாருங்கள். மாதம் ஒரு முறை அதே ஆளிடம் மறுபடி கேளுங்கள். மதிப்பெண் நகராமல் நின்றால் அதை வைத்து பிரிசெப்டரிடம் பேச ஆரம்பிக்கலாம். சந்தேகம் வந்தால் இதே திரியில் கேளுங்கள். வீரரின் பெயர், பள்ளி எதுவும் மட்டும் வேண்டாம்.