ஜெர்மனில கிராமத்துக்கு குடி வந்துட்டோம், யாருமே பேச மாட்டேங்கறாங்க. என்ன பண்ணலாம்?

கேள்வி:
ஆபீஸ் சீக்பர்க்ல. வாடகை கம்மியா இருக்கேன்னு வெஸ்டர்வால்ட் பக்கம் வையர்புஷ்ல வீடு எடுத்துட்டோம். வந்து ரெண்டு மாசம் ஆச்சு, நாம குட்டன் டாக் சொன்னா அவங்களும் குட்டன் டாக் சொல்றாங்க, அதோட சரி. ஞாயித்துக்கிழமை தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. வைஃப் ரொம்ப டல்லா இருக்கா. பேசாம கோல்ன் சிட்டிக்கே போயிடலாமா?

பதில்:
தம்பி, அவசரப்பட்டு வீட்ட காலி பண்ணிடாதீங்க. நானும் அதே வெஸ்டர்வால்ட்தான், உங்க ஊர்லேந்து பக்கம்தான், ஒம்போது வருஷம் ஆச்சு. மொத வருஷம் நானும் உங்க வைஃப் மாதிரிதான் ஜன்னல்கிட்டயே உக்காந்து கெடந்தேன்.

மொதல்ல பேப்பர் வேலை. குடி வந்த ரெண்டு வாரத்துக்குள்ள அன்மெல்டுங், அதாவது விலாசப் பதிவு, பண்ணிருக்கணும், பண்ணலன்னா நாளைக்கே போங்க, வீட்டு ஓனர் கையெழுத்து போட்ட பேப்பரும் எடுத்துட்டு போங்க. அத கிராமத்துல பண்ண மாட்டாங்க, ஆல்டன்கிர்ஷன் ஃப்ளாமர்ஸ்ஃபெல்ட் ரெண்டையும் 2020ல ஒண்ணா சேத்தாங்கல்ல, அந்த ஃபெர்பாண்ட்ஸ்கெமைண்டே, அதாவது பல கிராமத்துக்கு பொதுவான நிர்வாக ஆபீஸ்லதான். ஊர் மேயருக்கு அது சம்பள வேலை இல்ல, அவருக்குன்னு வேற பொழப்பு இருக்கும், சாயங்காலம்தான் புடிக்க முடியும். ஆனா ஒரு தடவ போய் நேர்ல பாத்து ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க, அவர் வழியா பாதி ஊருக்கு சேதி போயிடும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அவங்களா வந்து கதவ தட்டுவாங்கன்னு காத்திருந்தா காலம் பூரா காத்திருக்க வேண்டியதுதான். அது திமிர் இல்ல தம்பி, நம்மள தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு ஒதுங்கி இருக்காங்க. இங்க பழக்கம் ஆகறது வீட்டு வாசல்ல இல்ல, ஃபெராயின்லதான். ஃபெராயின்னா சங்கம். பாட்டுக்கு ஒண்ணு, ஃபுட்பாலுக்கு ஒண்ணு, துப்பாக்கி சுடறதுக்கு ஒண்ணு, ஊர அழகா வெச்சுக்கறதுக்குக்கூட ஒண்ணு. ஏழு பேர் சேந்தா ரெஜிஸ்டர் பண்ணிடலாம், அதான் சட்டம், அதனால நாலு தெரு இருக்கற ஊர்லயும் நாலஞ்சு ஃபெராயின் இருக்கும்.

எனக்கு வழி விட்டது ஃபாயர்வேர், அதாவது தீயணைப்பு. நான் வந்த புதுசுல ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு சைரன் அடிச்சுது, போர் வந்துடுச்சோன்னு புள்ளைய தூக்கிட்டு வெளிய வந்துட்டேன், பாத்தா பக்கத்து வீட்டு எலக்ட்ரிஷியன் பேண்ட்ட பாதி மாட்டிகிட்டு கார நோக்கி ஓடறார். அப்பறம்தான் தெரிஞ்சுது, இந்த மாதிரி ஊர்ல தீயணைப்புக்கு சம்பள ஆள் கெடையாது, ஊர்க்காரங்களேதான், நாடு பூரா இப்படி சுமார் 10 லட்சம் பேர் இருக்காங்க. என் பையன் பத்து வயசுல அதோட சின்னப் பசங்க குரூப்ல சேந்தான். அவ்ளோதான், அடுத்த மாசத்துலேந்து எல்லார் வாயிலயும் எங்க பேர் ஒழுங்கா வர ஆரம்பிச்சுது.

ஆமா, நீங்க வையர்புஷ்லயே இருந்துகிட்டு அந்த ஊர் கதை தெரியாம இருக்கீங்களே, அதான் எனக்கு ஆச்சரியம். அங்க ரொட்டி சுடற வீடு ஒண்ணு இருக்கு, பாக்ஹவுஸ்னு கேட்டா காட்டுவாங்க. 1845ல ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன்னு ஒருத்தர் அங்க மேயரா வந்தார், முப்பது வயசுகூட ஆகல, பட்டாளத்துல இருந்தவர், கண்ணு கெட்டுப்போய் அந்த வேலைய விட்டவர். வந்த கொஞ்ச நாள்லயே உருளைக்கிழங்குல நோய், அடுத்த வருஷம் வெளைச்சலும் போச்சு, 1846-47 குளிர்காலத்துல ஊர்ல பட்டினி. அரசாங்கம் மாவு குடுத்துச்சு, ஆனா காசு குடுத்தாதான் தரணும்னு உத்தரவு. பட்டினி கெடக்கறவன்கிட்ட காசு ஏது? மனுஷன் உத்தரவ ஓரமா வெச்சுட்டு கடனா குடுத்துட்டார். அப்பறம் வசதியானவங்ககிட்ட பணம் திரட்டி ரொட்டி சங்கம் ஆரம்பிச்சு, தானியம் வாங்கி, ஒரு பாக்ஹவுஸும் கட்டி, வெளி விலைய விட கம்மியா ரொட்டி குடுத்தாங்க. கையில காசு இல்லாதவங்க அப்பறமா கட்டுனாங்க.

அங்கேந்து அவர பக்கத்து ஃப்ளாமர்ஸ்ஃபெல்டுக்கு மாத்துனாங்க. அங்க பிரச்சனை மாடு. விவசாயி கந்துவட்டிக்கு மாடு வாங்கி, கட்ட முடியாம மாட்டோட நெலத்தையும் விட்டுடுவான். அதுக்கு 1849ல ஒரு உதவி சங்கம். ஆனா பணக்காரன் தர்மம் பண்றது ரொம்ப நாள் ஓடாதுன்னு அவருக்கு போகப் போக புரிஞ்சுடுச்சு, அதனால 1864ல ரைன் நதி பக்கம் ஹெட்டெஸ்டோர்ஃப்ல ஆரம்பிச்ச கடன் சங்கத்துல கடன் வாங்கறவனே மெம்பர்னு ஆக்கிட்டார். ஒருத்தன் கட்டலன்னா மெம்பர் அத்தனை பேரும் பொறுப்பு. ஒரே ஊர்க்காரங்கதானே, யாரு கட்டுவான் யாரு டிமிக்கி குடுப்பான்னு எல்லாருக்கும் தெரியும். (மகான்னு சொல்ல வரல, அந்தக் காலத்து யூத வெறுப்பு அவர் எழுத்துலயும் இருக்கு, அதையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.)

இத ஏன் இவ்ளோ இழுக்கறேன்னா, எங்கப்பா திருத்தணி பக்கம் ஒரு கிராமத்து கூட்டுறவு சொசைட்டில கிளார்க்கா இருந்தவர். உரக்கடன், நகைக்கடன்னு நம்ம ஊர்ல சொசைட்டின்னா தெரியாதவங்க யாரு. அந்த சொசைட்டி எங்கேந்து வந்துச்சு? 1890கள்ல மெட்ராஸ் அரசாங்கம் ஃப்ரெட்ரிக் நிக்கல்சன்னு ஒரு அதிகாரிய ஐரோப்பாவுக்கு அனுப்பி கிராமக் கடனப் பத்தி ஆராய சொல்லுச்சு, அவர் பக்கம் பக்கமா ரிப்போர்ட் எழுதிட்டு கடைசில சொன்னது ரெண்டே வார்த்தை, ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள். 1904ல கூட்டுறவு கடன் சங்கச் சட்டம் வந்துச்சு, அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் திரூர்ல சொசைட்டி ஆரம்பிச்சாச்சு. நான் இத எங்க ஊர் பாட்டு சங்கத்துல என் ஓட்ட ஜெர்மன்ல சொன்னப்ப ஒரு கெழவர் எழுந்து வந்து கைய குலுக்கிட்டு போனார். நீங்களும் சொல்லிப் பாருங்க.

அப்பறம் ஏப்ரல் 30 ராத்திரி அலங்காரம் பண்ண மே மரத்த நிறுத்தறது, கிர்மெஸ் திருவிழா, நவம்பர்ல பசங்க லாந்தர் தூக்கிட்டு போற மார்ட்டின் ஊர்வலம், எதையும் விட்டுடாதீங்க. எல்லாத்துலயும் ஒரு கேக் மேஜை இருக்கும், யாரு என்ன கொண்டு வரீங்கன்னு லிஸ்ட் சுத்தும், அதுல உங்க வைஃப் பேர எழுத சொல்லுங்க. நான் மொத தடவ ரவா கேசரி கொண்டு போனேன். பத்து நிமிஷம் யாரும் தொடல. அப்பறம் ஒரு பாட்டி எடுத்தாங்க, அப்பறம் தட்டு காலி.

கேள்வி:
ரொம்ப தேங்க்ஸ் அக்கா, பாக்ஹவுஸ் எங்க தெருவுலேந்து நடக்கற தூரம்தான், தெரியாமயே தாண்டி போயிட்டு இருந்திருக்கோம். ஜெர்மன் ஏ2 லெவல்தான், அதாவது ஆரம்பப் பாடம், ஃபெராயின்ல சேக்க மாட்டாங்களோ? பீர் குடிக்கணுமா?

பதில்:
ஏ2 போதும், பாட்டு சங்கத்துல நான் ஏ1ல வாயசைச்சுகிட்டு நின்னேன். பீர் வேணாம்னா ஆப்பிள் ஜூஸ்ல சோடா கலந்து குடுப்பாங்க, ஆப்ஃபெல்ஷோர்லேன்னு கேளுங்க, ஏன்னு யாரும் நோண்ட மாட்டாங்க. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, சேரும்போது ஃபார்ம்ல வெலகறதுக்கு எத்தன மாசம் முன்னாடி லெட்டர் குடுக்கணும்னு போட்டிருக்கும், அத படிச்சுட்டு கையெழுத்து போடுங்க. நான் படிக்கல, டேபிள் டென்னிஸ்க்கு ஒரு வருஷ சந்தா தண்டமா போச்சு.