நோட்டாவுக்கு விழும் ஓட்டு டெபாசிட் கணக்கில் சேருமா, சேராதா?

சாமானியன் குரல்: "அரசியல் நாறிப்போனதுக்கு ஓட்டுக்குக் காசு வாங்குற ஜனங்கதான் காரணம்"னு படிவம்17ங்கிற பேர்ல ஒருத்தர் இங்கே எழுதினதைப் படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. காசே வாங்காதவன் என்ன செய்யணும்? நிக்கிறது எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டை. அதுக்குத்தான் நோட்டா, 'இவங்க யாருமே வேண்டாம்'ங்கிற பட்டன். நூத்துக்குப் பத்துப் பேர் அழுத்தினா பாதி வேட்பாளர்களுக்கு டெபாசிட் காலி.

படிவம்17: ஆகாது. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினா டெபாசிட் திரும்பக் கிடைக்கும். அந்தச் செல்லுபடியான வாக்கில் நோட்டா சேராது. கணக்கே போடறேன். பதிவானது 2,00,000, நோட்டா 20,000. மிச்சம் 1,80,000, ஆறில் ஒன்று 30,000. அந்த இருபதாயிரம் பேரும் ஒரு சுயேச்சைக்குப் போட்டிருந்தா கோடு 33,333க்கு ஏறியிருக்கும். 31,000 வாங்கினவர் உங்க நோட்டா புண்ணியத்தில் பணத்தைத் திரும்ப வாங்கிட்டுப் போறார்.

சாமானியன் குரல்: வாங்க கணக்கு வாத்தியாரே! விரலில் மை வெச்சு, பட்டனை அழுத்தி, பீப் சத்தம் கேட்டு, யாருக்குப் போட்டோம்னு அச்சடிச்சுக் காட்டுற விவிபாட் மெஷின்ல சீட்டும் விழுது. அது செல்லாத ஓட்டா? உச்ச நீதிமன்றம் கொடுத்த உரிமைங்க அது.

படிவம்17: 2013 செப்டம்பர் 27 தீர்ப்பு காப்பாத்தினது ரகசியத்தை. அதுக்கு முன்னால 49-ஓ விதிப்படி வாக்குச்சாவடி அலுவலர்கிட்ட "ஓட்டுப் போடலை"ன்னு வாய்விட்டுச் சொல்லணும். அவர் 17ஏங்கிற வாக்காளர் பதிவேட்டில் குறிப்பு எழுதுவார், அதில் கையெழுத்துப் போடணும். உள்ளே உட்கார்ந்திருக்கிற அத்தனை கட்சி ஏஜென்ட்டுக்கும் தெரிஞ்சுடும். அந்தக் குறையைத்தான் தீர்ப்பு சரிசெஞ்சது. யாரையும் தோற்கடிக்கிற அதிகாரத்தைக் கொடுக்கலை. 2024 மக்களவைத் தேர்தல்ல இந்தூரில் நோட்டாவுக்கு 2,18,674. ஆனா வெற்றி வித்தியாசம் 11,75,092ன்னு அறிவிச்சாங்க. அது 51,659 வாங்கின வேட்பாளரோட ஒப்பிட்டு வந்த கணக்கு. நோட்டாவை ஒரு ஆளாவே எண்ணலை.

மல்லிகா: ரெண்டு பேரும் டெபாசிட்டையே கட்டிக்கிட்டு அழுங்க. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல செலவழிக்கக் கூடாது, கட்சிக்கு மட்டும் வரம்பே கிடையாது. சுவரொட்டியில் வேட்பாளர் படம் இருந்தா செலவு அவர் கணக்கில் ஏறும், அதனால தலைவர் படத்தையும் சின்னத்தையும் மட்டும் அச்சடிக்கிறாங்க. இந்த ஓட்டையை விட்டு வெச்சது வாக்காளரா?

படிவம்17: ஓட்டை இருக்கு, மறுக்கலை. ஆனா இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 170வது பிரிவில் கொடுக்கிறவனோட வாங்குறவனும் குற்றவாளி. ஓராண்டு வரை சிறை. கை நீட்டாம இருந்தா யார் கொடுக்க முடியும்?

மல்லிகா: வேலூர், 2019 மக்களவைத் தேர்தல். பணம் பிடிபட்டுத் தேர்தலை ரத்து செஞ்சாங்க. ஆகஸ்ட்டில் திரும்ப நடத்தினப்போ அதே ரெண்டு பெரிய வேட்பாளர்கள்தான் மோதினாங்க. தண்டனை யாருக்கு? வரிசையில் ரெண்டாவது தடவை நின்ன ஜனங்களுக்கு. அப்புறமும் பழி அவங்க மேலயா?

கரிசல்: படிவம்17 எதை ஒத்துக்கிட்டார்? விவிபாட் சீட்டு அஞ்சு பூத்துல எண்ணுறாங்கன்னு சொன்னதுக்கே போன மாசம் மூணு நாள் மல்லுக்கு நின்னவர்.

படிவம்17: மக்களவைத் தொகுதிக்கு அஞ்சுன்னு தப்பா எழுதினது நீங்க. அதில் அடங்கின ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் அஞ்சு. திருத்தினது குத்தமா?

கரிசல்: திருத்தலை, கேவலப்படுத்தினீங்க. மறக்கலை நான்.

சாமானியன் குரல்: விஷயத்துக்கு வாங்க. 2018ல் மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையம் நோட்டா முதலிடம் வந்தா மறுதேர்தல்னு உத்தரவே போட்டுச்சு. அங்கே எண்ணலாம், இங்கே கூடாதா?

படிவம்17: அது உள்ளாட்சித் தேர்தல். சட்டமன்றத்தையும் மக்களவையையும் நடத்துறது இந்தியத் தேர்தல் ஆணையம். இந்த வித்தியாசம் தெரியாம நோட்டா பிரசாரம் வேற.

சாமானியன் குரல்: அப்போ எண்ண முடியும்னு ஒத்துக்கிறீங்க. எண்ண மனசில்லை, அவ்வளவுதான். அந்த மனசு இல்லாதது அரசியல்வாதிக்கு, எனக்கில்லை.

படிவம்17: நான் எதையும் ஒத்துக்கலை. டெபாசிட் கணக்கில் நோட்டா சேராது.

சாமானியன் குரல்: சேர்க்கணும்.

படிவம்17: சேராதுன்னு சொல்றேன், சேர்க்கணும்னு பதில் சொல்றீங்க. 1,80,000ஐ ஆறால வகுத்துட்டு வாங்க.